ஐம்பத்தேழு கிலோவில் இரண்டு பேர்

போன மாதம் தர்ஷினி டீச்சர் என்னைக் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார். மாத்தளையில் நான் மல்யுத்தம் பழக்கிய அதே கல்லூரியில் இப்போது அந்த வேலையைப் பார்ப்பவர் அவர்தான். பெண் பிள்ளைகளும் குஸ்தி பிடிக்கிறார்கள், பார்க்கவே நன்றாக இருக்கிறது. புது மெத்தை ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். மஞ்சளும் நீலமுமாக, கால் வைத்தால் பஞ்சு மாதிரி. அதில் விழுவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பேச்சு எடை பார்க்கும் விஷயத்துக்குப் போனது. எங்கள் காலத்தில் போட்டிக்கு முதல் நாள் எடை பார்ப்பார்கள். அதற்குள் எப்படியாவது உடம்பை வற்றவைத்து, தராசில் ஏறி இறங்கி, பிறகு ராத்திரி முழுக்கச் சாப்பிட்டுத் தேறிக்கொள்ளலாம். இப்போது போட்டியன்று காலையிலேயே பார்க்கிறார்களாம். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். "உங்க காலத்துல எடையை எப்படி சேர் குறைச்சீங்க?" என்று கேட்டார். பேக்கரியில் குறைத்தோம் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் நான் மல்யுத்தக்காரனே இல்லை. எல்கடுவ தோட்டத்தில் பிறந்து, கரப்பந்து விளையாடி, அந்தத் திறமையில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் போனவன். பயிற்சிக் கல்லூரியில் குஸ்தி என்று ஒரு பாடம் இருந்தது. அதில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் கழுத்து சுளுக்கினால் என்ன செய்வது என்பதுதான். எழுபதுகளின் கடைசியில் மாத்தளைக்கு நியமனம் வந்தது. சிங்களப் பிரிவு, தமிழ்ப் பிரிவு இரண்டும் இருந்த கல்லூரி. பெயர்தான் கல்லூரி, பள்ளிக்கூடம்தான். முதல் நாள் அதிபர் ஹேரத் சேர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். அப்போது நான் நல்ல பருமன். மல்யுத்தத்துக்குப் பொறுப்பாள் இல்லை, நீங்கள் எடுங்கள் என்றார். என் உடம்பைத் தவிர வேறு தகுதியை அவர் விசாரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு விதிமுறைப் புத்தகம் கிடைத்தது. கோட்டுப் படங்களில் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் 'ஏ', மற்றவன் 'பி'. எல்லாப் படத்திலும் 'பி'தான் விழுவான். முதல் வருடம் பையன்களுக்குப் பிடிகளைச் செய்துகாட்டும்போது நான்தான் 'பி'. விழுந்து விழுந்தே படித்தேன் என்று சொல்லலாம்.

ஹேரத் சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. நாம் எதையாவது கேட்டுப் போனால் தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் கழுத்துப்பட்டியின் நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். முடியாது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் கண்டுபிடித்துக்கொண்டு நாம் திரும்பப் போகவேண்டும். பதில் சரியாக இருந்தால் "ஹொந்தாய்" என்பார். நல்லது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வேலை எப்படியோ நடந்துவிடும்.

மெத்தை வேண்டும் என்று கேட்டேன். அப்போது நாங்கள் மைதானத்து ஓரத்தில் மரத்தூள் கொட்டி அதில்தான் புரண்டோம். மழை பெய்தால் குழம்பாகிவிடும். அவர் விலை கேட்கவில்லை. எங்கே போடுவாய் என்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கழுவுறது யாரு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் யோசித்தபோதுதான் விளங்கியது. ஒருவன் தோலில் இருக்கும் படை, மெத்தை வழியாக ஒரு கிழமையில் முழு அணிக்கும் பரவிவிடும். தினமும் நானும் பையன்களும் கழுவுவோம், படை சொறி இருப்பவனை ஏற்றமாட்டேன் என்று போய்ச் சொன்னேன். ஹொந்தாய். கல்லூரிக்குப் பின்னால் முன்பு கொக்கோ காயவைத்த பழைய ஸ்டோர் ஒன்று கிடந்தது. தும்பு மெத்தைகளை அடுக்கி, மேலே லொறிக்குப் போர்த்தும் படங்கை இழுத்துத் தைத்து, அங்கே எங்கள் அரங்கம் எழும்பியது. கடைசி வரை அதில் லேசாக ஒரு கொக்கோ வாசம் இருந்தது. வெளியூர் அணிகள் வந்தால் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

மாலை மணி அடித்ததும் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். முதலில் நகம். வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். பிறகு முதுகு, அக்குள், கழுத்து, காதுக்குப் பின்புறம். பிறகுதான் மெத்தையில் கால் வைக்கலாம். முதலில் கழுத்துப் பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையையும் பாதங்களையும் மட்டும் ஊன்றி உடம்பைப் பாலமாக வளைப்பார்கள். அதற்குப் பிறகு விழப் பழகுவது. எப்படி விழுத்துவது என்பதைக் கடைசியில்தான் சொல்லிக்கொடுப்பேன். முடிந்ததும் வாளி, தும்புத்தடி, டெட்டோல். சில நாள் ஹேரத் சேர் சத்தமில்லாமல் வந்து, மெத்தையில் ஒரு விரலைத் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுப் போவார். எண்பதுகளின் கடைசியில் நாடே குழம்பி, பள்ளிக்கூடங்கள் அடிக்கடி மூடிக்கிடந்தபோதுகூடப் பக்கத்துப் பையன்கள் வந்து மெத்தையைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போனார்கள். குஸ்தி இல்லாவிட்டாலும் கழுவல் நிற்கவில்லை.

இனிப் பேக்கரிக்கு வருகிறேன். உக்குவளையில் பாரூக் நானாவின் பேக்கரி இருந்தது. அவருக்குக் குஸ்தி என்றால் உயிர். எங்களிடம் தராசு இல்லை, அவரிடம் மா மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. பிரிக்காத மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையன்களை ஏற்றுவேன். எடை கூடினவனுக்குப் பாண் ரொட்டி சுடும் போறணைக்குப் பக்கத்தில் இடம். விறகு எரிந்து தணிந்த அந்த அறையில், இரண்டு சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேர்வை ஆறாக ஓடும். முன்னால் தட்டுத் தட்டாகப் பாண் போகும், பணிஸ் போகும். தொடக்கூடாது. அதிக நேரம் உட்கார விடமாட்டேன், நாக்கையும் கண்ணையும் பார்த்து எழுப்பிவிடுவேன். "வேர்வையில பாதி வாயால வடியிற எச்சில் சேர்" என்பார் நானா.

அந்தப் போறணைக்குப் பக்கத்தில் அதிகம் உட்கார்ந்தவன் சமிந்த. உக்குவளைப் பையன், அப்பா ரயில்வேயில் கேட் போடுகிறவர். நல்ல வளர்த்தி, ஆனால் ஐம்பத்தேழு கிலோவை விடமாட்டேன் என்று நின்றான். காரணம், மேல் எடையில் அப்போது எங்களிடம் எருமை மாதிரி ஒருவன் இருந்தான். பிறகு அதே ஐம்பத்தேழுக்கு வந்து சேர்ந்தவன் சிவகுமார். எல்கடுவவில் என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். லயத்து வீட்டிலிருந்து இறங்கி நடந்து, பஸ் பிடித்து வருவான். அவனுக்குப் போறணையே தேவைப்படவில்லை, அந்த நடையே போதும். அதிகம் பேசமாட்டான். சிங்களம் விளங்கும், பேச வாய் வராது. சமிந்த அவனோடு சேர்ந்து நன்றாகத் தமிழ் பழகியிருந்தான். கழுத்துப் பயிற்சியில் இரண்டு பேரும் ஒருவன் வயிற்றில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு கதையடிப்பார்கள்.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கொழும்பில் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டி. சின்ன பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, எடை பார்க்கும் நாளன்று விடியவே கிளம்பினோம். அந்த வருடம் சிவகுமார் ஐம்பத்திரண்டு கிலோ, சமிந்த ஐம்பத்தேழு. யுத்த காலம் அது, கொழும்புக்குள் நுழைவதற்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் அடையாள அட்டையைக் காட்டினார்கள். சிவகுமாரிடம் இல்லை. அவன் பிறந்தபோது தோட்டத்தில் யாரோ அவன் பெயரை 'சிவனு' என்று பதிந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சிவகுமார். இரண்டும் ஒத்துப்போகாததால் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான்.

அவனை இறக்கிக் கொட்டகைக்குள் உட்காரவைத்தார்கள். நான் பேசினேன், சமிந்த பேசினான். கேள்வி கேட்டவர்கள் அவனைப் பார்த்துக் கேட்டார்கள், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது பொறுப்பானவர் இவன் இன்னார் என்று உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். தொலைபேசியில் கேட்டால் பொறுப்பானவர் வெளியே போயிருக்கிறார் என்று பதில் வருகிறது. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போ, இவனைப் பிறகு விடுகிறோம் என்றார் அங்கிருந்த சார்ஜன்ட். கெட்ட மனிதர் இல்லை, அவர் வேலை அது. நான் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து பையன்களைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே சமிந்த இறங்கினான். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

உறுதிப்படுத்தல் வந்தபோது மாலையாகிவிட்டது. போட்டி மண்டபத்துக்கு ஓடினால் தராசை மூடிவிட்டார்கள். எடை பார்க்காதவனுக்குப் போட்டி இல்லை, விதி அவ்வளவுதான். ஒருவன்கூட மெத்தையில் ஏறாமல் திரும்பி வந்தோம். ஒரு தகப்பன் வந்து, ஒருத்தனுக்காக எல்லாப் பிள்ளையும் இழக்கணுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அணியில் ஒருவனும் அப்படிக் கேட்கவில்லை, அதுதான் என் பதில் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

அடுத்த வருடம் சிவகுமாரும் வளர்ந்து ஐம்பத்தேழுக்கு வந்துவிட்டான். ஒரு எடைக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஒருவன்தான் போகலாம். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வருடம். தேர்வுப் போட்டி வைத்தேன். பள்ளிக்கூடமே கொக்கோ ஸ்டோரில் கூடியிருந்தது. சமிந்த நன்றாகப் பிடித்தான். ஆனால் சிவகுமார் விழுந்த விதம் சரியில்லை. அவன் கால்பிடிக்குப் போகும்போது இடது முழங்காலை மெத்தையில் அழுத்திப் போவான், அதுதான் அவனுடைய பலம். அன்று முழங்காலைத் தூக்கிக்கொண்டே போனான். புரட்டியபோது கழுத்தைப் பாலமாக்கவில்லை. இரண்டு தோளும் படுக்கையில் சாய்கிற மாதிரி மெத்தையில் சாய்ந்தன. எழுந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"என்னால இன்னொரு தடவ எல்லாரும் ரோட்டுல குந்த வேணாம் சேர். நான் வரல. சமிந்த போகட்டும்."

அவனுக்கு இன்னும் அடையாள அட்டை வரவில்லை. சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் போன வருடமும் கிளம்பினேன்.

மறுநாள் சமிந்த வந்தான். உடுப்பு மாற்றாமல் என் முன்னால் நின்றான். தமிழில்தான் சொன்னான்.

"நேத்து அவன் எங்கூட குஸ்தி புடிக்கல சேர். நான் தனியாத்தான் புடிச்சேன். அந்த வெற்றி எனக்கு வேணாம்."

நான் ஹேரத் சேரிடம் போனேன். முழுக்கதையையும் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பையனுக்குக் கஷ்டம் மெத்தையிலா, ரோட்டிலா என்று கேட்டார். இதற்கு யோசிக்க எனக்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை. ரோட்டில் என்றேன்.

"அப்ப மெத்தை உங்க வேலை. ரோடு என் வேலை" என்றார்.

மெத்தை வேலையை நான் முடித்தேன். இன்னொரு போட்டி, தோற்பவன் மேல் எடைக்குப் போகவேண்டும் என்று அறிவித்தேன். மேல் எடையில் இருந்த எருமை போன வருடமே படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டது, இடம் காலி. சிவகுமார் மெத்தையில் ஏற மறுத்தான். அதிபரும் பஸ்ஸில் நம்மோடு வருகிறார் என்று சொல்லியும் அசையவில்லை. சமிந்த தன் சப்பாத்தைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு, அவன் வராவிட்டால் நானும் எங்கேயும் போகமாட்டேன் என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்தான். பிறகு சிவகுமார் போய் அந்தச் சப்பாத்தை எடுத்துவந்து சமிந்த முன்னால் வைத்தான்.

அன்று அவர்கள் பிடித்த குஸ்தியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை, பெரிய போட்டிகளில்கூட. ஒருவன் பிடி மற்றவனுக்கு மனப்பாடம். ஒரு புள்ளிகூட விழாமல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் சிவகுமாரின் இடது முழங்கால் மெத்தையை உரசிக்கொண்டு உள்ளே போனது, சமிந்த உட்கார்ந்துவிட்டான். மூக்கில் லேசாக ரத்தம். அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இப்ப சரி" என்றான். இரண்டு பேருக்கும் எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதுவரை எடை குறைக்கப் பாடுபட்ட சமிந்தவுக்கு இப்போது எடை ஏற்ற வேண்டும். பாரூக் நானாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தன காலமா எங்கட பாண மோந்து பாத்துட்டுப் போன புள்ள" என்று சொல்லி, அவனை அதே போறணைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மீன் வைத்த மாலு பாணும் பணிஸுமாகத் தட்டில் அடுக்கினார். சிவகுமாரின் அம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தனுப்பினார். சமிந்தவின் அம்மா பாற்சோறு. ஒரு கட்டத்தில், போதும் சேர், குறைக்கிறதே சுகம் என்று என்னிடம் வந்து கெஞ்சினான்.

ஹேரத் சேர் ரோட்டு வேலையை எப்படிச் செய்தார் என்பது எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. சிவகுமாரைக் கூட்டிக்கொண்டு பல இடங்களுக்குப் போனார் என்பது மட்டும் தெரியும். அட்டை வந்து சேரவில்லை. ஆனால் சாவடியிலிருந்து எங்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் இருந்தார். நாங்கள் கிளம்பும் நாளில் காலையிலிருந்து தொலைபேசிக்குப் பக்கத்தை விட்டு நகராதே என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

அதே சாவடி. ஹேரத் சேர் பஸ்ஸில் முன் ஆசனத்தில், வெள்ளை உடுப்பில், கழுத்துப்பட்டியோடு இருந்தார். ஏறிய சிப்பாய் இளவட்டம், அவனுக்கும் எங்கள் பையன்களுக்கும் அதிக வயது வித்தியாசம் இருக்காது. சிவகுமாரை இறங்கச் சொன்னான். நான் எழுந்தேன். உட்காருங்கள் என்று சைகை காட்டிவிட்டு ஹேரத் சேர் இறங்கினார். சிவகுமாரின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் அதிபர், இவன் என் பிள்ளை, நீங்கள் விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள், முடியும்வரை நான் இவன் பக்கத்தில்தான் நிற்பேன் என்றார். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கொட்டகைக்குள் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை, சிவகுமாருக்கும் கதிரை கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்தார்கள். தொலைபேசி இந்தத் தடவை உடனே எடுக்கப்பட்டது.

தராசு மூடுவதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டோம். சிவகுமார் ஏறினான், ஐம்பத்தேழுக்குக் கொஞ்சம் கீழே. சமிந்த கையில் வாழைப்பழத்தோடு ஏறப்போனான், அதை வாங்கி வைத்தார்கள்.

சமிந்த முதல் சுற்றிலேயே விழுந்தான். எதிரி ஒரு காளை. விழுந்த வேகத்தில் அவனே சிரித்துவிட்டான், நடுவர் முறைத்தார். சிவகுமார் இறுதிப் போட்டிவரை போனான். அதில் தோற்றான். கடைசி நொடிவரை கழுத்தைப் பாலமாக்கி ஒரு தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தோற்றான். வெள்ளிப் பதக்கம். எங்கள் கல்லூரிக்கு அகில இலங்கையில் அதுதான் முதல் பதக்கம். ஹேரத் சேர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தர்ஷினி டீச்சர் கேட்டார். சமிந்த அப்பா மாதிரியே ரயில்வேயில் சேர்ந்தான், மகளை இந்த டீச்சரிடம்தான் குஸ்திக்கு அனுப்புகிறான். சிவகுமாருக்கு அடையாள அட்டை அடுத்த வருடம் வந்தது, இப்போது வஹகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். ஹேரத் சேர் காலமாகிவிட்டார்.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பதக்கம் இல்லை. திரும்பி வரும்போது நடந்தது.

பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். சாவடியில் மறுபடி நிறுத்தினார்கள். ஆள் மாறியிருந்தார்கள், போகும்போது நின்ற யாரும் இல்லை. புதிதாக ஏறிய சிப்பாய்க்கு எங்களைத் தெரியாது. சிவகுமாரிடம் அட்டை கேட்டான், இறங்கச் சொன்னான். ஹேரத் சேர் கதவுப் பக்கம் நகர்ந்தார். சிவகுமார் அவரைப் பார்த்து, "நான் பேசுறேன் சேர்" என்றான்.

இறங்கி நின்றான். அவன் பின்னால் நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டான் சிப்பாய். சிவகுமார் தரையைப் பார்க்கவில்லை. சிங்களத்தில் தன் பெயரைச் சொன்னான். எல்கடுவ என்றான். மாத்தளையில் படிக்கிறேன், குஸ்தி பிடிக்கிறவன், நேற்று இலங்கையிலேயே இரண்டாவதாக வந்தேன் என்றான். தட்டுத் தடுமாறி, சொல்லுக்குச் சொல் நின்று. பின்னாலிருந்து சமிந்த ஒரு சொல்லைத் திருத்தப் போனான். சிவகுமார் திரும்பாமலே கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, தானே சொல்லி முடித்தான்.